உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள வீடு

நன்றியை நேரில் சொன்னால் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்களையும் உதட்டால் மூடப் பார்த்து, மூட முடியாமல் தவித்துப்போவார் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி, ஊருக்கே கேட்கிற மாதிரி இங்கே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, கருவேலிப்பேட்டையில் கரண்ட் போன நேரத்தில், என் கேம் சென்டரில் எல்லாத் திரைகளும் அணைந்துவிட, ஏழாம் எண் கணினி மட்டும் அணையாமல் இருந்து, அதற்குள்ளிருந்து ஒரு கொம்பன் குனிந்து இறங்கி வந்து, மேஜைமேல் கிடந்த மவுஸ் கீழே விழுந்துவிடாமல் நகர்த்தி வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் செம்பில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார்.

என் சென்டரில் ஓடியது ஒரே ஒரு ஆட்டம்தான், 'ஏழு வாயில் நகரம்'. சின்னப் பிள்ளைகள் போனிலேயே வேறு என்னவோ விளையாடப் போய்விட்டார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற சூசை அண்ணன், இரண்டு பேங்க் ஊழியர்கள், கறிக்கடைக்காரர், தையல் வகுப்பு முடித்து வீட்டுக்குப் போக மனமில்லாத பெண்கள் நாலைந்து பேர். ஆட்டத்தின் தொடக்கத்தில் எந்த இனத்தில் பிறக்க விரும்புகிறாய் என்று திரை கேட்கும். நெடுஞ்செவியராகப் பிறந்தால் ஏழாவது வாயிலுக்குள் மாளிகை, அறிவு நான்கு கூடுதல். குள்ளராகப் பிறந்தால் இரண்டாவது வாயிலுக்குள் சுரங்க வேலை, வலு இரண்டு கூடுதல். கொம்பராகப் பிறந்தால் முதல் வாயிலுக்கும் வெளியே, சாக்கடைக்கு அந்தப் பக்கம், அறிவு இரண்டு குறைவு, பெயர் கிடையாது. இந்தக் கருவேலிப்பேட்டையில் மேலத்தெருக்காரரும் சரி, கீழத்தெருக்காரரும் சரி, பத்து வருஷத்தில் ஒருத்தர் தவறாமல் எல்லோரும் நெடுஞ்செவியராகவே பிறந்தார்கள். நானும்தான். என் பிறப்பை என்னிடமே கேட்டு எழுதிக்கொண்ட ஒரே இடம் அதுதான் என்று அப்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வந்தவர் ஏழடி உயரம், பாசி நிறம், கதவளவு மார்பு. அவர் தலைக்கு ஒரு முழம் மேலே, ஆட்டத்தில் இருந்த மாதிரியே, 'கொம்பன் - அறிவு இரண்டு குறைவு' என்று மஞ்சள் எழுத்து மிதந்துகொண்டிருந்தது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் பச்சைத் தலைப்பாகை வில்லாளி" என்றார். ஆட்டத்தில் என் வேஷம் அது. முதல் வாயிலுக்கு வெளியே நின்ற இவரை நான் எத்தனை தரம் கொன்றிருப்பேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒரு கொம்பனைக் கொன்றால் ஐந்து புள்ளி, கொன்ற ஆள் கால் மணி நேரத்தில் அதே இடத்தில் முளைத்து நிற்பார், மறுபடி கொல்லலாம். நான் வெட்கப்பட்டு நின்றதைப் பார்த்து அவர், "உங்கள் அம்பு நேராக வரும். வலிக்காது. நன்றி" என்றார்.

ஊர் அவரை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ரொம்ப நன்றாகவே எடுத்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் வெளியூரிலிருந்து வந்தவர் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள், தையல்கார அக்கா சட்டைக்கு நாலு மீட்டர் ஆகும் என்று சொல்லிவிட்டு நாலரை வாங்கி அரை மீட்டரைத் தலையணை உறைக்கு ஒதுக்கினாள், முடிவெட்டுகிறவர் காதுமுடிக்குத் தனியாக ஒரு கத்தரிக்கோல் வாங்கினார், கோயில் கமிட்டிக்காரர்களும் சர்ச் கமிட்டிக்காரர்களும் ஒரே நாளில் வந்து அழைத்துவிட்டுப் போனார்கள், கேஸ் ஏஜென்சியில் வேலை கொடுத்தார்கள், இரண்டு தோளிலும் இரண்டிரண்டு சிலிண்டராகத் தூக்கிக்கொண்டு அவர் மூன்றாம் மாடி ஏறுவதைப் பார்த்து, "பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கே தவிர, தங்கமான ஆளு" என்று பேசிக்கொண்டார்கள். பாசி நிறத்தையும் பல்லையும் மிதக்கும் எழுத்தையும் யாரும் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. ஊரைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. கொம்பர் என்றால் யார், நம்மைவிட மேலா, கீழா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம். மூன்று சாதிச் சங்கத்துக்காரர்கள் தனித்தனியாக வந்தார்கள். கொம்பர் என்ற பெயரில் பழைய காலத்தில் குறுநில மன்னர்கள் இருந்ததாகத் தங்கள் சங்க ஆண்டு மலரில் போட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னார்; மேல் என்று தெரிந்தால் எங்களவர், கீழ் என்று தெரிந்தால் உங்களவர் என்று மூன்று பேரும் தங்களுக்குள் ஜாடையாகப் பேசி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் நேராகக் கேட்பது மரியாதை இல்லை. "உங்க ஊர்ல ஆறு எந்தப் பக்கம் ஓடுது, உங்க வீடு ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா" என்று கேட்பார்கள், "குலதெய்வம் எங்க இருக்கு, என்ன படையல்" என்று கேட்பார்கள், கல்யாணத்தில் யார் முறைமாலை போடுவார்கள் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு, "சும்மா கேட்டேன்" என்பார்கள். ஆட்டத்தில் முதல் வாயில் காவலன் ஈட்டியை நீட்டி, "நீ எந்த இனம்?" என்று கேட்பான். பண்பில்லாதவன்தான், ஆனால் அவனுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

இதைக் கொம்பரிடம் சொன்னபோது அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார், "எங்க காவலனை ஏமாத்தலாம் அக்கா. பத்து வேலை முடிச்சுக் குடுத்தா ஒரு கொம்பனை உள்ள விட்ருவான், கும்பிடக்கூட செய்வான். அப்புறம் அந்த ஒருத்தனைக் காட்டித்தான் மத்த எல்லாரையும் வெளிய நிப்பாட்டுவான்." வந்தபோது அவருக்கு மூன்றே வாக்கியம்தான் தெரியும் என்று ஊர் நினைத்திருந்தது. 'யார் அங்கே?', 'நகருக்குள் எனக்கு அனுமதி இல்லை', 'கொல்லாதீர்கள், என்னிடம் ஒன்றும் இல்லை', இவ்வளவுதான் ஆட்டத்தில் கொம்பருக்கு எழுதிக்கொடுத்த வசனம். ஒரு மாதத்தில் எங்கள் பேச்சு முழுக்கப் பேசினார், இரண்டு மாதத்தில் தந்தி பேப்பரை எழுத்துக்கூட்டாமல் படித்தார். அப்படியும் சில்லறை எண்ணச் சொன்னால், "எனக்கு ரெண்டு குறைவுக்கா, நீங்களே எண்ணிக்கோங்க" என்று தலைக்கு மேலே காட்டுவார். அந்த எழுத்தை ஊர் நம்பியதைவிட அவர் அதிகமாக நம்பினார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எந்த வாசலையும், யாராவது "உள்ள வா" என்று சொல்லாமல் தாண்டமாட்டார். சிலிண்டரோடு தெருவில் நிற்பார், கேட் திறந்தே கிடந்தாலும் நிற்பார், வீட்டுக்காரர் வந்து சொல்கிறவரை நிற்பார். எவ்வளவு பணிவு என்று ஊர் மெச்சியது. அது பணிவு இல்லை. சொல்லாமல் தாண்டினால் அம்பு வரும் என்று அவர் கால்கள் படித்து வைத்திருந்தன.

மார்கழியில் ஒரு நாள் அவர் என்னிடம் வீடு கேட்டார். மூன்று மாதமாக சென்டரில் ஏழாம் எண் கணினிக்குக் கீழேதான் படுத்துக்கொண்டிருந்தார். "சின்ன வீடு போதும் அக்கா. கதவு இருக்கணும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும்" என்றார். அவர்கள் ஊரில் கொம்பர் குடிசைகளுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. வீரர்கள் எவர் வேண்டுமானாலும் நுழைவார்கள், பானையை உடைப்பார்கள், உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வார்கள், படுத்திருப்பவரைத் தாண்டிக்கொண்டு போவார்கள். நானும் உடைத்திருக்கிறேன். ஒரு பானைக்கு ஒரு புள்ளி. "ஒரே ஒரு தரம், நான் சொன்னாத்தான் மத்தவங்க உள்ள வரமுடியும்னு இருக்கிற இடத்துல தூங்கணும்" என்றார்.

நான் குடியிருந்த வளவில் கடைசி வீடு காலியாக இருந்தது. ஐந்து வீடும் நடுவில் முற்றமும் உள்ள வளவு அது, ஓட்டுக்கூரை, கை தூக்கினால் உத்திரம் தட்டும். சொந்தக்காரி ஆவுடையம்மாள். கணவர் போனபின் தனியாக வளவை நிர்வகிக்கிற மனுஷி, குடியிருப்பவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து அனுப்புவாள், சொந்தத்துக்குள் இல்லாதவர்களுக்கு வீடு கொடுக்கமாட்டாள். என்னை அவள் தன் சொந்தத்தில் சேர்த்தி என்று நம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளை அத்தை என்று கூப்பிட்டேன், அவள் என்னை ஏட்டி என்றாள். பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

நான் யார் என்று இப்போது சொல்லிவிட வேண்டும். சர்டிபிகேட்டில் என் பெயர் சுடலைவடிவு. இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு முன்பாதியை வெட்டிவிட்டு வடிவு ஆனேன். ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம் என்றேன், சாமி எது என்றால் ஆவுடையம்மாள் வீட்டுக் காலண்டரில் இருந்த சாமியைச் சொன்னேன். ஒன்பது கேள்விக்கு ஒன்பது பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவை இருந்ததால்தான் எனக்குக் கதவு இருந்தது. கொம்பருக்கும் கதவு வேண்டும் என்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. என் ஒன்பது பதிலையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாக்கடை என்று சொல்லாதீர்கள், ஆற்றங்கரை என்று சொல்லுங்கள். வாயிலுக்கு வெளியே என்று சொல்லாதீர்கள், ஊரில் நாங்கள்தான் பெரிய வீடு என்று சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்வது அவருக்குப் பிறவிப் பழக்கம் ஆயிற்றே, ஒரே நாளில் படித்துவிட்டார்.

தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து அவரை அழைத்துப் போனேன். ஆவுடையம்மாள் "உள்ள வாங்க" என்றாள், முற்றத்தில் நாற்காலி போட்டாள், சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "சும்மா கேக்கேன்" என்று ஆரம்பித்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. "ஆத்துக்கு இந்தப் பக்கம்தான் அம்மா, எங்களுக்குப் பூர்வீகமா நஞ்சை உண்டு" என்று நான் எந்த இடத்தில் மூச்சு விடுவேனோ அந்த இடத்தில் மூச்சுவிட்டார், "அதெல்லாம் அப்பா காலத்தோட போச்சு" என்று நான் எந்த இடத்தில் சிரிப்பேனோ அங்கே சிரித்தார். சாமி பெயரைச் சொல்லும்போது நான் செய்கிற மாதிரியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் குரல், என் பொய், என் அடக்கம் எல்லாம் நீட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு வருஷமாக நான் எப்படி இருந்தேன் என்று அன்றைக்குத்தான் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. கோபம் இல்லை, பரிதாபம். இந்த மனிதரை அத்தனை தரம் கொன்றது போதாதென்று, கடைசியில் அவரிடம் இருந்த அவரையும் பிடுங்கிவிட்டேனே என்று நினைத்தேன்.

ஏழு பதில் முடிந்தது. சாவி கை மாறப்போகிற நேரம். எட்டாவது கேள்வியை அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏட்டி வடிவு, இவுக நம்மாளுகதானே?"

"இல்ல அத்தை" என்றேன். "அவுக வாசலுக்கு வெளிய, சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருந்தவுக. நானும் உங்க ஆளு இல்ல. என் பேரு சுடலைவடிவு. எங்க தெரு எதுன்னு சொல்லுதேன், கேளுங்க." சொன்னேன்.

அவள் சாவியை மடியிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முற்றத்துக் குழாயைப் பார்த்தபடி, "மாசக் கடைசியில காலி பண்ணிரு" என்றாள். எழுந்து போகும்போது திரும்பாமலே, "இனிமே அத்தைன்னு கூப்பிடாத" என்றாள்.

வெளியே வந்து கொம்பர் கேட்டார், "ஏழு வரைக்கும் சரியாத்தானே சொன்னேன் அக்கா? எனக்கு ரெண்டு குறைவுங்கிறதால தப்பாயிட்டா?"

"நீங்க ஒண்ணும் குறைவு இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

தை மாதம் முழுக்க வளவில் என்னோடு யாரும் பேசவில்லை. சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். சூசை அண்ணன் மட்டும் வழக்கம்போல வந்து, வழக்கமான மூன்றாம் எண்ணில் உட்கார்ந்து, பழைய வேஷத்தை அழித்துவிட்டுப் புதிதாகக் கொம்பராகப் பிறந்தார். முதல் வாயிலுக்கு வெளியே போய் நின்றதும் யாரோ ஒரு நெடுஞ்செவியர் அவரைக் கொன்றார். கால் மணி நேரம் கழித்து முளைத்தார், மறுபடி கொன்றார்கள். சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதையா பத்து வருஷமா செஞ்சோம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாதக் கடைசி நாள் காலை எட்டு மணிக்குக் கொம்பர் என் பீரோவைத் தூக்க வந்தார். வளவு வாசலில் நின்றார். நான் "வாங்க" என்றேன். "நீங்க காலி பண்ணிட்டுப் போறவங்க அக்கா. இருக்கிறவங்க சொல்லணும்" என்றார். ஆவுடையம்மாள் சன்னலுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அவர் கோபமாக நிற்கவில்லை, போராட்டமாகவும் நிற்கவில்லை, எல்லா வாசலிலும் நிற்கிற மாதிரி சும்மா நின்றார். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று, தபால்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தார், வெயில் ஏறி அவர் நிழல் காலுக்குள் சுருங்கி, அப்புறம் மறுபக்கம் நீண்டது, தலைக்கு மேலே மஞ்சள் எழுத்து வெயிலில் வெளிறித் தெரிந்தது. ஆவுடையம்மாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஏன்யா இப்படி நிக்கீரு? உள்ள வந்து எடுத்துட்டுத்தான் போவுமே."

"நன்றி அம்மா" என்று சொல்லிவிட்டுக் கொம்பர் உள்ளே வந்தார். பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைக் கடக்கும்போது கடைசி வீடு வெள்ளையடித்த ஈரம் காயத் திறந்து கிடந்தது. நின்றார். பீரோவை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, "அம்மா, ஒரே ஒரு தரம் அந்தக் கதவை உள்ள இருந்து சாத்திப் பாத்துக்கவா?" என்று கேட்டார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அவர் குனிந்து நுழைந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஐந்து வீட்டுக்கும் கேட்டது. அதன்பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அப்புறம் குறட்டை கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வளவில் யாரும் அப்படிக் குறட்டை விட்டதில்லை, ஓடு அதிர்ந்தது. ஆவுடையம்மாள் இடுப்பில் சாவியோடு, தனக்குச் சொந்தமான அந்தக் கடைசி வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தட்டக் கையைத் தூக்கினாள், அப்படியே இறக்கிக்கொண்டாள். ஐந்து மணி சுமாருக்கு, யாரையும் பார்க்காமல், "பால் காய்ச்சாமலா ஒரு வீட்டுக்குள்ள போய்ப் படுப்பாக?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தன் வீட்டுச் சின்ன ஸ்டவ்வையும், பித்தளைப் பாத்திரத்தில் பாலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டவ்வை என்னிடம் நீட்டினாள். "பீரோ வெயில்ல நிக்கி. அப்புறமா உன் வீட்டுக்குள்ள எடுத்து வைக்கச் சொல்லு" என்றாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்த மாதமே காலி செய்தார்கள். ஆவுடையம்மாள் அன்றைக்கு அந்தப் பாலைக் குடிக்கவும் இல்லை, சித்திரை வரைக்கும் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கவும் இல்லை. ஆனாலும் நன்றி சொல்லத்தான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் சொல்கிறேன், உள்ளே தூங்கியவருக்கு இன்னும் அதிகமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் பாலும் ஸ்டவ்வுமாகக் கதவுக்கு வெளியே காத்து நின்றோம். குறட்டை நின்றது. தாழ்ப்பாள் விலகியது. கொம்பர் கதவைத் திறந்து, தூக்கக் கலக்கத்தில் எங்களைப் பார்த்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்து, பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"உள்ள வாங்க."

ஆவுடையம்மாள் தன் சொந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்துப் போனாள். உள்ளே போனதும் அவர் தலைக்கு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். தாழ்ந்த கூரை அது. மஞ்சள் எழுத்து ஓட்டுக்கு மேலே, வெளியே, காக்கைகள் படித்துக்கொள்ளட்டும் என்று நின்றுவிட்டது, அவர் உட்கார்ந்தபோதும் கீழே இறங்கவில்லை. வீட்டுக்குள் உத்திரத்துக்குக் கீழே வெறுமனே ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அவள் பித்தளைப் பாத்திரத்தை அதன்மேல் வைத்து, பால் சூடாகும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு உன் முழுப்பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"சுடலைவடிவு."

"சுடலைவடிவு" என்று ஐந்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஆவுடையம்மாள் கூப்பிட்டாள், "பால் பொங்குது பாரு."